மின்கட்டணமும் மாடி வெயிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோலார் போடலாமா என்று யார் வந்து கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போன பில்லில் எத்தனை யூனிட்? தொகையைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். யூனிட்டைக் கேட்டால் விழிப்பார்கள். பேனல் கொடுக்கப்போவது யூனிட்டைத்தான். அதனால் இந்தப் பக்கத்தை மீட்டர் பெட்டியில் தொடங்கி மாடிக்குக் கொண்டுபோகிறேன். நேரே மாடிக்கு ஏற நினைப்பவர்கள் பாதியிலிருந்து படிக்கலாம். ஆனால் திரும்பி இறங்கி வரவேண்டியிருக்கும்.

யூனிட் என்றால் சரியாக என்ன?

ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பில்லில் கிலோவாட் மணி என்று அச்சாகியிருப்பதும் இதுதான். நூறு வாட் பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட், 2,000 வாட் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட். கிலோவாட் என்பது வண்டியின் வேகம், யூனிட் என்பது அது ஓடிய தூரம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

கொஞ்சம்தான் கூடுதலாக ஓடியது. பில் மட்டும் இப்படி எகிறியது எப்படி?

பல இடங்களில் கட்டணம் அடுக்கடுக்காக இருக்கும். யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும். இதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில், எல்லையைத் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை. மற்றதில், எல்லையைத் தாண்டிவிட்டால் கீழே இருந்த யூனிட்டுகளுக்கும் விலை மாறிவிடும், அல்லது அதுவரை கிடைத்த சலுகை பறிபோகும். இந்த இரண்டாவது வகையில் ஒரே ஒரு யூனிட் பில்லைத் தூக்கிவிடக்கூடும். உங்கள் ஊர்க் கட்டண அட்டவணை எந்த வகை என்று ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள்: ரீடிங் எடுத்த தேதி. நான்கைந்து நாள் தாமதமாக எடுத்தால் அந்த நாட்களின் யூனிட்டும் இதே பில்லில் சேரும். மொத்த யூனிட்டை நாட்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வைத்து ஒப்பிட்டால்தான் நியாயமான ஒப்பீடு. நிலைக்கட்டணம், வரி, பழைய பாக்கி இவற்றைத் தனியே கழித்துவிட்டுப் பாருங்கள். அவற்றுக்கும் நீங்கள் ஃபேன் போட்டதற்கும் சம்பந்தமில்லை.

மீட்டர் வேகமாக ஓடுகிறதோ என்று சந்தேகம். எப்படிச் சோதிப்பது?

டிஜிட்டல் மீட்டரின் முகத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். பக்கத்திலேயே ஓர் எண் அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், அந்த விளக்கு 3,200 முறை மினுங்கினால் ஒரு யூனிட் என்று பொருள். சில மீட்டர்களில் இந்த எண் வேறாக இருக்கும்.

ராத்திரி எல்லோரும் படுத்தபின், வீட்டில் எல்லாவற்றையும் சுவிட்சில் அணைத்துவிட்டு, மெயினை மட்டும் விட்டுவைத்து மீட்டர் முன்னால் நில்லுங்கள். ஒரு மினுங்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். 3200 மீட்டராக இருந்தால் 1,125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 20 விநாடிக்கு ஒருமுறை மினுங்கினால் 56 வாட். எல்லாம் அணைத்த வீட்டில் 56 வாட்! நாள் முழுக்க அது ஓடினால் மாதத்துக்கு 40 யூனிட்.

இப்போது பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். செட்டாப் பாக்ஸ், மோடம், இன்வெர்ட்டர், அழைப்பு மணியின் டிரான்ஸ்பார்மர். எதைப் பிடுங்கியதும் மினுங்கல் மந்தமாகிறதோ அதுதான் ஆள். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் மினுங்கிக்கொண்டே இருந்தால் வயரிங்கில் எங்கோ கசிவு இருக்கலாம், அல்லது வேறொருவரின் லைன் உங்கள் மீட்டரில் கோத்திருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மீட்டரின் சீலை மட்டும் தொடாதீர்கள்.

வீட்டில் எது அதிகம் தின்கிறது?

சூடாக்குவதும் குளிராக்குவதும். மற்றதெல்லாம் சில்லறை.

15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 0.6 யூனிட் வேண்டும். 45 டிகிரியில் நிறுத்தினால் 0.35. எந்தக் கம்பெனி ஹீட்டர் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் இது தண்ணீரின் குணம். 60-க்குச் சூடாக்கிவிட்டுப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கும் வீடுகளில், உடனே குளிக்காமல் விட்டால் தொட்டியின் சூடு சும்மா ஆறுகிறது.

சாதாரணச் சீலிங் ஃபேன் 70 முதல் 80 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் (கரண்டைக் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் உள்ளது) முழு வேகத்தில் 30 வாட் சுற்றுவட்டாரத்தில் நிற்கும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் சுற்றும் ஃபேனை மாற்றினால் மாதம் 20 யூனிட் மிச்சம். நான்கு ஃபேன் உள்ள வீட்டில் இதுவே சின்ன சோலாருக்குச் சமம். வராந்தாவில் எப்போதாவது சுற்றும் ஃபேனை மாற்ற வேண்டாம், பணம் திரும்பாது.

ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரில் ஒரு தாளைச் செருகிக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது. அந்த இடைவெளி வழியாக ராத்திரி பகலாகக் குளிர் வெளியே போகிறது.

ஏசியை 18-இல் வைத்தால் சீக்கிரம் குளிருமா?

அநேகமாக இல்லை. பழைய வகை ஏசி 18-இல் வைத்தாலும் 25-இல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர வைக்கும். 18-இல் வைத்தால் நிறுத்தாமல் ஓடும், அவ்வளவுதான். இன்வெர்ட்டர் ஏசி, அதாவது தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை, தொடக்கத்தில் எப்படியும் முழுமூச்சில்தான் ஓடும். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சமாகும் என்பது பொதுவான கணக்கு. கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள்.

(டன் என்பது ஏசியின் எடை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு டன் ஐஸ் (அமெரிக்க டன், சுமார் 907 கிலோ) 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் திறன்தான் ஒரு டன், சுமார் 3.5 கிலோவாட். ஐஸ் கட்டி விற்ற காலத்தின் மிச்சம்.)

சுவிட்சைப் போட்டதும் வரும் கரண்ட் எதில் தயாரானது?

தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அனல், நீர், அணு, காற்று, சூரியன் எல்லாம் ஒரே கம்பி வலையில் கலந்து வருகிறது. உலக அளவில் 2023-இல் உற்பத்தியான மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நிலக்கரியில் வந்தது. நீர், காற்று, சூரியன் முதலான புதுப்பிக்கத்தக்க வழிகளில் ஏறத்தாழ 30 சதவீதம்.

நிலக்கரி நிலையத்தில் எரியும் வெப்பத்தில் பாதிக்கும் மேல் புகைபோக்கியிலும் குளிர்விப்புத் தண்ணீரிலும் போய்விடும். ஒரு யூனிட்டுக்கு, தோண்டுவது முதல் எரிப்பது வரை சேர்த்து, சுமார் 820 கிராம் கரியமில வாயு என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2014 அறிக்கை நடுமதிப்பு கொடுத்தது. எரிவாயுவுக்கு 490, கூரை சோலாருக்கு 41, அணுவுக்கு 12. சோலாருக்கும் கணக்கு சைபர் இல்லை. பேனல் செய்யும் தொழிற்சாலையும் கரண்டில்தானே ஓடுகிறது. அப்படிச் செலவான ஆற்றலை ஒரு பேனல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

மின்வாரியங்களுக்குத் தலைவலி மொத்த அளவில் இல்லை, நேரத்தில். எல்லா வீட்டிலும் விளக்கும் ஏசியும் ஓடும் மாலை ஏழு மணிக்குச் சூரியன் இல்லை. இதை நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

பேனல் வேலை செய்வது வெயிலின் சூட்டிலா வெளிச்சத்திலா?

வெளிச்சத்தில். சூடு அதற்குப் பகை. வெளிச்சம் பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை பிரெஞ்சு விஞ்ஞானி எட்மண்ட் பெக்கரெல் 1839-இல் கண்டார். அப்போது அவருக்கு வயது 19. சிலிக்கானில் பயன்படும்படி செய்தது 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம். அந்தப் பேனல் விழுந்த வெளிச்சத்தில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று வீட்டுக்கு வருபவை 20 முதல் 23 சதவீதம்.

பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு, பேனலுக்குள் மின்சாரம் தயாரிக்கும் சில்லுகளான செல்கள் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. நடுப்பகல் வெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். ஆக, 550 வாட் பேனல் கொளுத்தும் வெயிலில் 550 தரவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள். பேனலுக்கும் தளத்துக்கும் இடையில் காற்று ஓடும்படி உயர்த்திப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

எனக்கு எத்தனை கிலோவாட் வேண்டும்?

வெயில் நன்றாக அடிக்கும் வெப்பமண்டலப் பகுதிகளில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். வடக்கு ஐரோப்பா போன்ற இடங்களில் இரண்டரைதான். மாதம் 300 யூனிட் ஓடும் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 10 யூனிட். நான்கால் வகுத்தால் இரண்டரை கிலோவாட். 550 வாட் பேனல் ஐந்து போதும். ஒரு பேனல் சுமார் இரண்டே கால் மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குச் சற்று மேல் அகலம். நடக்க, துடைக்க இடம் விட்டால் கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி என்று வைத்துக்கொள்ளலாம்.

விற்க வருபவர்கள் பெரிதாகப் போடச் சொல்வார்கள். என் அபிப்பிராயம் வேறு. அடுக்குக் கட்டணத்தில் சோலார் முதலில் வெட்டுவது மேலடுக்கு யூனிட்டுகளை. அவைதான் விலை அதிகம். முதல் கிலோவாட் மிச்சப்படுத்தும் பணத்தை மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்தாது. ஃபேனையும் ஹீட்டரையும் சரிசெய்தபின் மீதி எவ்வளவு என்று பார்த்து, அதற்குக் கொஞ்சம் குறைவாகவே போடுங்கள்.

எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும்?

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருந்தால் தெற்கு பார்த்து, தெற்கே இருந்தால் வடக்கு பார்த்து. சாய்வு ஏறத்தாழ உங்கள் ஊரின் அட்சரேகை அளவு.

ஒரு மூலையில் கொஞ்சம் நிழல் விழும். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நினைத்து ஏமாந்தவன் நான். பேனல் போட்ட இரண்டாம் வருடம், மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒரு மேடை கட்டி உயர்த்தினேன். அதன் நிழல் மதியம் மூன்று மணிக்குமேல் ஒரே ஒரு பேனலின் கால்வாசியில் விழுந்தது. கால்வாசிதானே! ஆனால் செல்கள் எல்லாம் வரிசையாகக் கோத்தவை. ஒரு குழாயை ஓரிடத்தில் மிதித்தால் முழுக் குழாயிலும் தண்ணீர் மெலிவதுபோல, ஒரு செல் இருண்டால் அந்த வரிசையே தடைபடும். பேனலுக்குள் வழக்கமாக மூன்று பைபாஸ் டையோடு இருப்பதால் நிழல் பட்ட பகுதியைத் தாண்டி மின்சாரம் போகும். அப்போதும் அந்தப் பகுதியின் உற்பத்தி மொத்தமும் போனதுதான். கடைசியில் தொட்டியை நகர்த்தினேன்.

நகரத்தில் பெரிய கேள்வி பக்கத்து மனை. இன்று காலியாக இருக்கும் இடத்தில் நாளை நான்கு மாடி எழும்பலாம். ஒரு நாள் காலை 9, மதியம் 12, மாலை 4 என மூன்று முறை மாடிக்குப் போய் நிழல் விழும் எல்லையைச் சாக்பீஸில் கோடு போடுங்கள். சூரியன் தாழ்வாகப் போகும் குளிர்காலத்தில் நிழல் இன்னும் நீளும். நிழலைத் தவிர்க்கவே முடியாத மாடிக்கு ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனி மைக்ரோ இன்வெர்ட்டர் உண்டு (சோலாரில் இன்வெர்ட்டர் என்பது பேனலின் டிசி கரண்டை வீட்டுக்கு வேண்டிய ஏசி கரண்டாக மாற்றும் பெட்டி). விலை கூடும்.

சோலார் இருந்தும் கரண்ட் போனால் வீடு இருட்டாகுமா?

பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த ஆன்கிரிட் அமைப்பாக இருந்தால் ஆகும். பட்டப்பகலிலும் ஆகும். வாங்கியபின் பலர் அதிர்ச்சியடைவது இதில்தான். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியருக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது. அதனால் லைனில் மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அதை மீறிச் செய்து தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கரண்ட் போகும்போதும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியுடன் கூடிய ஹைப்ரிட். லைனே இல்லாத இடத்துக்கு ஆஃப்கிரிட். அடிக்கடி கரண்ட் போகாத ஊரில் ஆன்கிரிட்டே போதும்.

பகலில் மிஞ்சும் யூனிட் என்னவாகும்?

லைனுக்குப் போகும். அதற்கு என்ன தருவார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நெட் மீட்டரிங் என்றால் கொடுத்த யூனிட்டுக்கு எடுத்த யூனிட் கழியும். நெட் பில்லிங் என்றால் நீங்கள் கொடுப்பதற்கு ஒரு விலை, எடுப்பதற்கு வேறு விலை. கொடுப்பதன் விலை பெரும்பாலும் குறைவு.

சோலார் பெருகப் பெருக இந்த விதி மாறும் என்று எதிர்பாருங்கள். கலிபோர்னியாவில் நண்பகலில் சோலார் பொங்கி, மாலையில் சட்டென்று வற்றுவதால், 2023 ஏப்ரல் முதல் புதிதாக இணைபவர்களை நெட் பில்லிங்குக்கு மாற்றினார்கள். மேலே சொன்ன ஏழு மணிப் பிரச்சினை இதுதான். நெட் பில்லிங் உள்ள ஊரில் மோட்டார், வாஷிங் மெஷின், இஸ்திரி எல்லாவற்றையும் பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் தள்ளிவிடுவதே லாபம்.

எந்த பேட்டரி?

150 ஆம்பியர் மணி, 12 வோல்ட் டியூப்ளர் பேட்டரியில் (ஈய-அமில வகை) கணக்குப்படி 1.8 யூனிட். அதில் பாதிக்குமேல் வடித்தால் சீக்கிரம் செத்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் காற்றோட்டமும் வேண்டும். கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் விலை அதிகம், ஆனால் 80 சதவீதத்துக்குமேல் வடிக்கலாம். சில ஆயிரம் முறை சார்ஜ் தாங்கும்.

சோலார் வாட்டர் ஹீட்டர் இன்னும் லாபமா?

தினமும் வெந்நீர் தேவைப்படும் வீட்டுக்கு லாபம்தான். வெயிலை நேராகச் சூடாக மாற்றுவதால் அது பேனலைப்போல இரண்டு மூன்று மடங்கு வெயிலைப் பிடிக்கும். கெட்டித்தண்ணீர் ஊராக இருந்தால் குழாயில் உப்பு படியும், அதைமட்டும் கவனியுங்கள்.

அடுக்குமாடியில், வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது?

அடுக்குமாடியில் மாடி எல்லோருக்கும் பொது. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஓடும் பொது மீட்டருக்கு சோலார் போடுவது சண்டையில்லாத வழி. சில இடங்களில் ஒரே அமைப்பின் யூனிட்டைப் பல வீட்டு மீட்டர்களுக்குப் பிரித்துக் கழிக்கவும் அனுமதி உண்டு. ஜெர்மனியில் பால்கனிக் கம்பியில் இரண்டு பேனலை மாட்டி பிளக்கில் செருகிவிடுகிறார்கள். 2024 முதல் 800 வாட் வரை அங்கே சட்டப்படி செய்யலாம். விதி அனுமதிக்காத ஊரில் இதைப் பார்த்து நீங்களும் செருகாதீர்கள். வாடகை வீட்டில் என்றால் கழற்றிக்கொண்டு போகக்கூடியதில் பணம் போடுங்கள்: ஃபேன், எல்இடி விளக்கு, நல்ல ஃபிரிட்ஜ்.

போட்ட பணம் எப்போது திரும்பும்?

மொத்தச் செலவை, ஓராண்டில் பில்லில் குறையும் தொகையால் வகுங்கள். நடுவில் இன்வெர்ட்டரை ஒருமுறையாவது மாற்ற வேண்டிவரும், அதையும் செலவில் சேருங்கள். பேனல் ஆண்டுக்கு அரை சதவீதம்போலத் தேயும்; 25 ஆண்டு உத்தரவாதம் என்பது பெரும்பாலும் உற்பத்தி இவ்வளவுக்குக் கீழே போகாது என்பதற்கு மட்டும். உடைந்தால் மாற்றித் தரும் உத்தரவாதம் தனி, அதன் ஆண்டும் தனி. இரண்டையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள்.

போடுபவரிடம் வேறு என்ன கேட்கலாம்?

இடிக்கு என்ன பாதுகாப்பு, எர்த் எத்தனை, காற்றுக்கு ஸ்டாண்டு தாங்குமா. பேனல் என்பது மாடியில் கட்டிய பாய்மரம். நாலு போல்ட்டில் நிற்காது. தளத்தைத் துளைத்தால் நீர்க்கசிவுக்கு யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள். பிராண்டைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறவர் இதற்கு எப்படிப் பதில் சொல்கிறார் என்று பாருங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும்?

தூசியைப் பொறுத்தது. மழை இல்லாத மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது, வெறும் தண்ணீரும் மென்மையான துடைப்பானும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை அடித்தால் விரிசல் விடலாம். பறவை எச்சம் மழையில் போகாது. ஈரத்துணியை அதன்மேல் கொஞ்ச நேரம் போட்டு ஊறவைத்து எடுங்கள், சுரண்ட வேண்டாம். பேனலின்மேல் ஏறி நிற்காதீர்கள். கண்ணாடி தாங்கினாலும் உள்ளே செல் கீறல் விடும், அது கண்ணுக்குத் தெரியாது.